ஆமைக்கு விழுந்த பன்னிரண்டு ஓட்டு

அன்பு மகள் ஜனெலுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நைரோபியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, அதையே சாக்காக வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராமல் தப்பிக்கிறார். எனக்குத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து வயிறு எரிகிறது. போனில் சொன்னால் நடுவில் நீ சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னோடு நாலாம் வகுப்பில் படித்த ட்ரெவர் ஹாகன் இப்போது நம் தொகுதிக்குச் சட்டசபை உறுப்பினர் என்பது உனக்குத் தெரியும். அந்த மகானுபாவன் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறான். ஊர்ந்து போகும் பிராணிகளில் நம் மாநிலத்துச் சின்னம் இனிமேல் பெட்டி ஆமை இல்லையாம், கருஞ்சாரைப் பாம்பாம். எந்த ஆமை தெரியுமா, நீங்கள் வகுப்பில் ஓட்டுப் போட்டு, பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று தேர்ந்தெடுத்து, உங்கள் டீச்சர் மிஸ் பிளெவின்ஸ் தலைநகருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய், கவர்னர் உங்கள் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுச் சட்டமாக்கிய ஆமை. அந்தப் பேனாவைக் கவர்னர் உன் கையில் கொடுத்தார், இன்னும் ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அன்றைக்குப் பாம்புக்காக நின்று தோற்றவன் இந்த ட்ரெவர்தான். இருபத்தைந்து வருஷமாக மனதுக்குள் கறுவிக்கொண்டே இருந்திருக்கிறான் பார்.

விடுவேனா, வெள்ளிக்கிழமை சட்டசபைக் குழுக் கூட்டத்தில் பேச இரண்டரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு இரண்டு நிமிஷம். குழுத் தலைவர், "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா மேடம்"னு கேட்டார். எனக்கு வந்ததே கோபம். வெர்மான்ட்டில் ஆப்பிள் பை என்கிற பலகாரத்தோடு சீஸ் எவ்வளவு வைக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள், மேரிலாண்டில் குதிரையில் போய் ஈட்டியால் வளையத்தைக் குத்துவது மாநில விளையாட்டு, ஏழு மாநிலங்கள் வேறு குருவியே கிடைக்காத மாதிரி கார்டினல் என்கிற சிவப்புக் குருவியையே வைத்துக்கொண்டிருக்கின்றன, கலிபோர்னியாக் கொடியில் இருக்கிற கரடி அந்த மண்ணில் அழிந்தே நூறு வருஷம் ஆகப்போகிறது, அதை அவர்கள் இறக்கினார்களா, குழந்தைகள் ஓட்டுப் போட்ட ஆமைக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டேன். பாம்பென்றால் படையும் நடுங்கும், அதைப் போய்ப் பாடப்புத்தக அட்டையில் போடுவார்களாம்.

உடனே ட்ரெவர் எழுந்து, "மிஸஸ் டேட்டம், கோவிச்சுக்காதீங்க. ஓட்டுப் போட்ட அன்னிக்கு எங்க சித்தப்பா பையன் லானி அம்மை போட்டு வீட்ல கிடந்தான். வகுப்புல இருபத்திரண்டு பேர்தான் இருந்தோம். இருபத்து மூணு ஓட்டு எப்படி வந்துச்சு"ன்னான். அத்தனை பேர் முன்னால். "என் பொண்ணு இன்னிக்கு நாடு நாடாப் போய் தேர்தல்ல கள்ள ஓட்டு விழாம காவல் காக்கிறா, அவ வகுப்பையா சந்தேகப்படுறே? தோத்தவன் தோத்தவனா இருக்கக் கத்துக்கோ"ன்னேன். ஆமைக்காக முன்னால் நின்றவள் என்று மிஸ் பிளெவின்ஸ் அந்த ஓட்டுச் சீட்டுகளை ஞாபகத்துக்கு உன்னிடமே கொடுத்தாரே, அவை என் வீட்டில்தான் இருக்கின்றன, அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கொண்டுவந்து உங்கள் மேஜையிலேயே எண்ணிக் காட்டுகிறேன் என்று குழுவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். இரு, இதை எழுதும்போதே ஒரு தடவை எண்ணிவிடலாம் என்று தோன்றுகிறது. பிஸ்கட் டப்பாவை எடுத்து வருகிறேன்.

எண்ணிவிட்டேன். மூன்று தடவை எண்ணினேன். இருபத்து மூன்று இருக்கிறது. சீட்டுகளோடு அன்றைய வருகைப் பட்டியலையும் மிஸ் பிளெவின்ஸ் மடித்து வைத்திருக்கிறார், லானி பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று இருக்கிறது. எல்லாம் பென்சிலில் எழுதிய சீட்டு, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் ஆமைக்கு, இரண்டும் மினுமினுக்கும் ஊதா மையில். உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த பேனா. அதைத் தம்பி தொட்டதற்கே கையைக் கடித்து வைத்தவள் நீ, வகுப்பில் யாருக்கோ இரவல் கொடுத்தேன் என்று என்னிடம் கதை விடாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது ஜனெல். பதினொன்றுக்குப் பதினொன்று என்று நின்றிருக்க வேண்டியது.

அப்பாவிடம் காட்டினேன். "அடுப்பு பக்கத்துலதானே இருக்கு, ஒரு சீட்டுதானே"ன்னார். மகள் அப்பாவைத்தான் கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஒரு சின்னப் பையன் கணக்குச் சரியாகப் போட்டுவிட்டு இருபத்தைந்து வருஷம் தோற்றவன் என்று பெயர் வாங்கியிருக்கிறான், வெள்ளிக்கிழமை நானும் என் பங்குக்கு ஊரறியச் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினெட்டாம் தேதி அந்த டப்பாவோடு போவேன், சொன்னபடி மேஜையில் கொட்டி எண்ணுவேன். அதற்கு முன்னால் அவன் உண்மையை உன் வாயால் கேட்க வேண்டும். அவன் நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. ஆமையை எப்படிக் காப்பாற்றுவது என்று அதற்கப்புறம் யோசிப்போம், அது என்ன பாவம் செய்தது.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், அந்த வாக்குப்பெட்டிகளையும். கவர்னர் பேனாவைச் சுவரிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன், ஆணி அப்படியே இருக்கிறது. நீ ட்ரெவரிடம் பேசிய அன்றைக்கு மாட்டுகிறேன்.

கோபம் தீராத, ஆனாலும் உன்னுடைய,
அம்மா
ராபர்ட்டா டேட்டம்