கட்டிலருகே இருந்த தண்ணீர்ச் செம்பு

மதுமதி,

பிள்ளை பிறந்த எட்டாம் நாளா, ஒன்பதாம் நாளா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. உன் கட்டிலருகே இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துப் போனது நான்தான். "பச்சை உடம்புக்காரி தண்ணியக் குடிச்சா வயிறு போட்டுரும்லே" என்று அம்மா சொன்னாள். தாகமாக இருக்கிறது என்றாய் நீ. நான் போய் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

நேற்று எடை பார்த்துவிட்டுப் பிள்ளை தேறவில்லை என்று வீட்டுக்கு வந்த நர்ஸம்மா சொன்னபோதும், "இவளுக்குப் பால் ஊறல" என்று உன்மேல்தான் பழி போட்டேன்.

"பால் குடுக்கவளை இப்படிக் காயப்போட்டா எங்கன இருந்து ஊறும், அண்ணாச்சி?" என்று அவர் கேட்டார். நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுப்படியில் சோறும் பருப்பும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. நானே வைத்தேன். கீரையில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. பசிக்கும்போதெல்லாம் சாப்பிடு, தாகத்தை அடக்காதே. இனிப் பத்தியம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

குமரகுருபரன்

பி.கு.: அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளை இப்போதுதான் குடித்துவிட்டுத் தூங்கினான். நீயும் தூங்குகிறாய். எழுப்பிச் சொல்ல முகமில்லாமல் வேலைக்குப் போகிறேன். வியாழக்கிழமை நர்ஸம்மா வரும்போது, குற்றம் என்னுடையது என்று உன் முன்னால் சொல்வேன்.