பொந்தை அடைத்த நாற்பது சாக்கு

கோட்டுச்சேரி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்த ஆந்திரச் சீமையில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க அம்பகரத்தூர் காளியை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சாக்குக் கடையை உன் தம்பி ராஜ்மோகன் பார்க்கிறான், நேரத்துக்குத் திறக்கிறான், அதுவே பெரிய விஷயம்.

நேற்று நீ போனில் அழுதபோது பாதியில் வைத்துவிட்டேன். கோபம் இல்லை, யோசித்துச் சொல்லலாம் என்றுதான். தப்பு என்னுடையது. போன வாரம் வந்தபோது உங்கள் ஆற்றை மேலிருந்து கீழே நடந்து பார்த்தேன். மலையடியில் நன்றாகத்தான் ஓடி வருகிறது, சுண்ணாம்புப் பாறைக்கு வந்ததும் ஒரு பொந்துக்குள் மொத்தமாக இறங்கிவிடுகிறது, அதற்குக் கீழே உங்கள் எலுமிச்சைத் தோட்டம் வரை வெறும் கல். நம் பக்கம் ஆற்றங்கரையில் எலி வளை தெரிந்தாலே, கரை உடைந்துவிடும் என்று அடைக்கச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்கள் நாம். அதே புத்தியில் வண்டியில் கிடந்த நாற்பது சாக்கை உதறி, மண் நிரப்பி, பொந்தை அடைத்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் வந்தது, நீயும் கைதட்டினாய். இப்போது கீழூர்க்காரர்கள் குடிக்கிற ஊற்று நின்றுபோய், குடத்தோடு பெண்கள் உன் வாசலில் நிற்கிறார்கள். அதில் ஒரு அம்மா, “உங்கப்பா ஆத்தோட வாயைக் கட்டிட்டுப் போயிட்டாரே, அவருக்கு யாரும்மா சோறு போட்டது” என்றாளாமே. கேட்கட்டும், நியாயம்தான்.

அந்த ஊற்றுக்கும் இந்தப் பொந்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறாராம் மாப்பிள்ளை. இருக்கிறது. நான் சாக்கை உதறியபோது அதில் ஒட்டியிருந்த பழைய நெல் உமியெல்லாம் பொந்துக்குள் போனது. மறுநாள் காலை கீழூர் ஊற்றுத் தொட்டியில் உமி மிதந்தது, இங்கே யார் நெல் குத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். முப்பது வருஷ வியாபாரிக்குத் தன் சரக்கே அடையாளம் தெரியவில்லை.

பாதிச் சாக்கை எடுத்தால் இரண்டு பக்கமும் ஆகும் என்று அவர் சொல்வதைக் கேட்காதே. குடிக்கிற தண்ணீரில் பாதி என்று கிடையாது, எல்லாச் சாக்கையும் எடுத்துவிடு. எடுக்கும்போது அந்தப் பெண்களையும் கூட்டிப்போ, கண்ணால் பார்க்கட்டும், அப்பா தெரியாமல் செய்தது என்று நேராகச் சொல். செடி வாடுமே என்று பயப்படாதே. அன்று ஊற்றுத் தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் முள்ளுக்காட்டுக்குள் வீணாய்ப் போவதைப் பார்த்தேன், அந்த மிச்சத்தை மோட்டார் வைத்து எடுத்துக்கொள்ள ஊராரிடம் கேள். ஊற்று திரும்பி வந்தபிறகு கேள், முன்னால் வாயைத் திறக்காதே. கொடுப்பார்கள். மோட்டாரோடு நானே வருகிறேன், அந்த அம்மாவிடம் நேரிலும் வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

உங்கள் தோட்டம் காய்த்துக் குலுங்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு. எடுக்கிற சாக்கை எண்ணி எடு, நாற்பது. ஒவ்வொன்றிலும் என் பெயர் அச்சடித்திருக்கிறது. ஒன்று உள்ளே தங்கினாலும் அந்த ஊர்த் தண்ணீரை நான் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் கணக்கு.

இப்படிக்கு, உன் அப்பா
கா. உத்திராபதி