ஐந்து கால் ஆடும், ஒரு கள்ளிச்செடியும்

அக்கா,

இன்று காலை பனிக்கால டயர் மாட்டுவதற்காகக் காரை மொன்ரியாலில் லாசால் பகுதியில் உள்ள கராஜுக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒரு டயரில் காற்று கூடுதலாக இருக்கிறதென்று மெக்கானிக் குனிந்து வால்வை அழுத்தினார். உஸ்ஸென்ற அந்தச் சத்தத்தில் எனக்குக் கராஜே மறந்துபோயிற்று. அமெரிக்காவின் யூட்டாவில் தார்ச்சாலை முடிந்து செம்மண் தடம் தொடங்கும் இடத்தில், வாடகை ஜீப்பின் சக்கரத்தருகே குந்தியிருந்து, மணலில் புதையாமலிருக்க நீங்கள் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தது கண்முன் வந்தது. "சா வா, மதாம்?" என்று மெக்கானிக் பிரெஞ்சில் நலம் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் யாழ்ப்பாணம், நான் திருச்சி. அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் நம் இருவருக்கும் சம்பளம். அந்தப் புத்தி மேசையோடு நின்றதா என்ன? உணவகத்து மெனுவில், அடுத்தவர் கல்யாணப் பத்திரிகையில், என் சாம்பாரில், எல்லாவற்றிலும் நீங்கள் பிழை கண்டுபிடித்தீர்கள். என்னிடம் மட்டும் ஒரு பிழையைப் பார்த்தும் பேசாமல் இருந்தீர்கள். நான் கார் ஓட்டுவதை நிறுத்தியிருந்தேன்.

ஒரு ஜனவரியில், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்டிலிருந்து பாலத்தில் ஏறும்போது, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் என் கார் முழுச்சுற்றாகச் சுற்றி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை வியர்க்கும். "விடு, நானே ஓட்டிக்கிறேன்" என்றார் என் கணவர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் மகளை நீச்சல் வகுப்பில் விடவும், ஒரு கட்டுக் கீரை வாங்கவும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருந்தேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

பாலைவனத்துக்கு வரச்சொல்லி நீங்கள் கேட்டபோது, "அங்க என்னக்கா இருக்கு?" என்றேன்.

"இடிஞ்ச வீடுகள் இருக்கு. பாறையிலை கீறின படங்கள் இருக்கு."

"இடிஞ்ச வீட்டைப் பாக்கவா இவ்வளவு தூரம்?"

"எங்கட ஊரிலை குண்டு விழுந்து இடிஞ்ச வீடுகள்தான் நான் கண்டனான். ஒருத்தரும் குண்டு போடாமல், தன்பாட்டிலை பழசாகி இடிஞ்ச வீடு எப்பிடியிருக்கும் எண்டு ஒருக்காப் பாக்கவேணும்."

அதற்குப் பிறகு நான் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஓட்டுவது முழுக்க நீங்கள்தான் என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தடத்தில் நீங்கள் ஜீப் ஓட்டியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அலுவலகத்தில் அவ்வளவு அடக்கமான மனுஷி, பாறைப் படிகளில் ஜீப் ஏறி இறங்கும்போதெல்லாம் "அப்பிடிப் போடு!" என்று கத்தினீர்கள். நான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். தடம் ஒரு காய்ந்த மணல் ஓடைக்குள் இறங்கி, நெடுந்தூரம் அதனுள்ளேயே போயிற்று. மேகம் கட்டினால் ஓடைக்குள் நிற்கக்கூடாது, தூரத்தில் மழை பெய்தாலும் இங்கே வெள்ளம் வந்துவிடும் என்று ஜீப்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

குன்றின் அடியில் அந்த வீடுகள் இருந்தன. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சிறு அறைகள். ஒரு சுவரில் மண் பூசியவரின் விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. பக்கத்துக் கரும்பாறையில் சுருள் வட்டங்கள், தோள் அகன்ற மனிதர்கள், கொம்பு வளைந்த ஆடுகள். சுவரையும் படங்களையும் தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். நீங்கள் சப்பாத்து என்று சொல்லும் ஷூவைப் பற்றிப் பலகை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் முற்றத்துக்கு வெளியிலேயே நின்று சப்பாத்தைக் கழற்றினீர்கள்.

"அக்கா, இது கோயில் இல்ல."

"ஆக்கள் சமைச்சுச் சாப்பிட்ட வீடு. சப்பாத்தோடை போறதே?"

நானும் கழற்றினேன். சுட்ட சூட்டில் துள்ளிக்கொண்டு திரும்பி ஓடிவந்து மாட்டிக்கொண்டேன். நீங்கள் வெறுங்காலோடு ஒவ்வொரு வாசலாக நின்று எட்டிப் பார்த்தீர்கள். பிறகு, "வடிவாப் பழசாகியிருக்குது" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. ஒரு வீடு நிம்மதியாகப் பழசாவதும் கொடுப்பினைதான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கனத்தை நீங்களே கலைத்தீர்கள். "இங்கை வாரும், இந்த ஆட்டுக்கு அஞ்சு கால்! கீறினவன் பிழை விட்டிட்டு அழிக்கேலாமல் போட்டான். இவ்வளவு காலமும் ஒரு டெஸ்டரும் பாக்கேல்லை!" என்று சிரித்தீர்கள். ஐந்து காலும் புகைப்படத்தில் விழவேண்டும் என்று கைபேசியைப் பிடித்தபடி பின்னால் ஒரு அடி வைத்தீர்கள். அங்கே தரையோடு தரையாகக் கள்ளிச்செடி இருந்தது.

புருவம் திருத்தும் இடுக்கியால் பெரிய முட்களை எடுத்தேன். பொடி முட்கள் வரவில்லை. வலது பாதம் கண்ணெதிரே வீங்கியது. சப்பாத்துக்குள் கால் நுழையவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை.

"இந்தக் காலாலை பெடலை மிதிக்கேலாது. நீர்தான் ஓடவேணும்" என்று சாவியை நீட்டினீர்கள்.

"என்னால முடியாதுக்கா. யாராவது வருவாங்க."

"வெள்ளம்தான் வரும்."

நான் அழுதேன். நீங்கள் சமாதானம் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நொண்டிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தீர்கள். "பயமெண்டால் கத்தும். நானும் சேந்து கத்துறன். ஆனால் மணலுக்கை பிரேக்கை மிதியாதேயும். பனிக்குள்ளை ஓடினமாதிரி, மெதுவா, நிப்பாட்டாமல் போம்."

கத்தினேன். ஓடையில் சக்கரம் மணலில் வழுக்கி, ஜீப்பின் பின்பக்கம் ஒதுங்கியபோது, பாலத்தில் சுற்றிய அதே உணர்வு வந்தது. கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. "போம், போம், போம்!" என்று நீங்கள் கத்த, காலை இழுத்துக்கொண்டேன். ஜீப் நேராயிற்று. அதன்பிறகும் பாறைகளில் இருவரும் மாறி மாறிக் கத்தினோம். பயத்தில் கத்தியது எந்த இடத்தில் சந்தோஷமாக மாறியதென்று தெரியவில்லை. தார்ச்சாலையைத் தொட்டபோது கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன. ஓரமாக நிறுத்தினேன். கை வியர்க்கவில்லை.

மொன்ரியால் திரும்பிய வாரமே மகளை நீச்சலுக்கு நானே கூட்டிப்போனேன்.

அடுத்த ஆண்டு உங்களுக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்கு வாராவாரம் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது என் கார்தான். அப்படி ஒருநாள் வழியில், ஜன்னலைப் பார்த்தபடி, "ஒரு வருசம் எனக்கு வலது கால் முறிஞ்சிருந்தது. வேலைக்கு இடது காலாலைதான் கார் ஓடினனான்" என்றீர்கள், ஏதோ வானிலை சொல்வதுபோல.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ அந்த ஓடையில?"

"வலது காலாலை ஏலாது எண்டுதான் சொன்னனான். இடது காலைப் பற்றி நீர் கேக்கேல்லை."

"வெள்ளம் வந்திருந்தா?"

"எனக்கும் பயம்தான். ஆனால் நீர் ஓடுவீர் எண்டு தெரியும்."

எனக்கு வந்த கோபத்தில் உங்களைத் திட்டித் தீர்த்தேன். சிவப்பு விளக்கு பச்சையானதும் தெரியாமல் திட்டினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்த மருந்துகளுக்குப் பிறகு நீங்கள் அப்படிச் சிரித்தது அன்றுதான். எனக்கு அழுகைதான் வந்தது. என்மேல் எனக்கே இல்லாத நம்பிக்கையை வைத்து, அதில் உங்கள் உயிரையும் சேர்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். இதற்கு நன்றி என்ற சொல் போதாது, ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் இறுதிச் சடங்கு அன்று எதிரே வருவது தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது. லாசாலில் உங்கள் வீட்டு வாசலில், "நான் ஓட்டட்டுமா?" என்று கணவர் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். உங்கள் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டு, "பிள்ளை, இந்தப் பனிக்குள்ளை உம்மாலை ஓட ஏலுமே?" என்று கேட்டார்.

"ஏலும் அம்மா" என்றேன்.

எங்கள் ஊரில் இப்படிச் சொல்ல மாட்டோம், முடியும் என்போம். எனக்கு வாயில் வந்தது உங்கள் சொல்தான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, மெதுவாக, நிறுத்தாமல், உங்களை வழியனுப்ப ஓட்டிக்கொண்டு போனேன்.