முப்பத்தொரு முட்டைகள்

2025 ஜூன் 16, திங்கள்

தனுஜா இன்றைக்கும் பிள்ளைகளை ஆட விட்டாள். காலைக் கூட்டத்துக்குப் பிறகு உடற்பயிற்சிக்கென்று இருக்கும் இருபது நிமிடம், பத்தொன்பது வருடமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னுடையது. விசில், வரிசை, கையை உயர்த்து, இறக்கு. வந்து நாலே மாதமான இந்தப் புது டீச்சர் போனில் சினிமாப் பாட்டைப் போட்டு மைக்கை அதன் முன்னால் பிடிக்கிறாள். மொத்தப் பள்ளிக்கூடமும் இடுப்பை ஆட்டுகிறது. கன்ரீன்காரர்கூட ஆடினார். அதிபர் றெஜினோல்ட் சேர் ஆடவில்லை, காலால் தாளம் போட்டார். பார்த்தேன்.

தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூம் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டேன். தலைவலி இல்லை. வயிற்றெரிச்சல். இங்கேயும் பொய் எழுதினால் அப்புறம் எங்கேதான் உண்மை பேசுவது?

ஜூன் 18, புதன்

என் ஆறாம் வகுப்புச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை ஒட்டியிருக்கிறேன். முட்டை, பால், பயறு, கீரை, பழம். காலையில் சாப்பிட்டதற்கு நேரே பிள்ளைகள் தாங்களே சரி போடவேண்டும். முப்பத்தொரு பேர். இந்த மாதம் தொடங்கியதிலிருந்து முப்பத்தொரு பேரும் முட்டை சாப்பிட்டிருக்கிறார்கள்! பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குள் என் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

தனுஜா வந்து பார்த்துவிட்டு, “எல்லாருமே முட்டையா டீச்சர்?” என்றாள். ஒரு சிரிப்பு வேறு. பொறாமை பிடித்தவள்.

ஜூன் 20, வெள்ளி

வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்து கடிதம். ஜூலை 2 மாதிரி வகுப்பு: நல்ல உணவும் உடற்பயிற்சியும். நன்றாகச் செய்தால் அந்த ஆசிரியை வலயத்துக்கே வளவாளர். வாரத்தில் இரண்டு நாள் மற்றப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறி இத்தனை வருடம் வந்து போகிறேன். ஒருநாளும் ஒருவரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. “ரெண்டு பேர்ல யாருன்னு யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்” என்கிறார் அதிபர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 22, ஞாயிறு

பூசையில் ஃபாதர் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது. தனுஜாவுக்கு இடமாற்றம் கிடைக்கவேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கிட்ட, நல்ல பள்ளிக்கூடமாகவே கிடைக்கட்டும். நான் ஒன்றும் கெட்டவள் இல்லை.

வீட்டுக்காரர் பற்றிக்கிடம் புலம்பினேன். “அந்தப் புள்ளைக்கு ஒன் மக வயசு. என்னா போட்டி ஒனக்கு?” என்றார். மகள் வயது என்பதால்தானே எரிகிறது! கட்டினவருக்கே புரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

செய்துவிட்டேன்.

அதிபர் அறைக்குப் போய், “ஒரு தாய் வந்து கொறை சொன்னாங்க சேர். பொம்பளப் புள்ளைகள சினிமாப் பாட்டுக்கு ஆட வக்கிறாங்கன்னு” என்றேன். எந்தத் தாயும் வரவில்லை. நான்தான் அந்தத் தாய்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. “அப்ப மாதிரி வகுப்ப நீங்களே செய்ங்க. சீனியர் நீங்கதானே.”

ஜூன் 24, செவ்வாய்

பாட்டு இல்லை. விசில் ஊதினேன். கையை உயர்த்தினார்கள், இறக்கினார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

நாளைக்கு வலயத்திலிருந்து வருவது ஆசிரிய ஆலோசகர் நளீர் சேர். பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்தேன். “காலையில என்னா சாப்பிட்டீங்கன்னு கேட்டா?” - “முட்டை, பால், வாழைப்பழம்!” ஓட்டுக்கூரை அதிர்ந்தது. இதில் தப்பென்ன? யாராவது வருகிறார்கள் என்றால் எல்லோரும் செய்வதுதானே.

தனுஜா ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

ஜூலை 2, புதன்

வகுப்பில் எல்லாம் பிரமாதம். நளீர் சேர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். முட்டை, முட்டை, முட்டை. முதலில் எழும்பிச் சொன்னவள் சதுர்ஷிகா. என்ன கணீர் என்ற குரல்! அவர் அட்டவணையைப் படமெடுத்துக்கொண்டார். நான் தரையில் நிற்கவில்லை.

பிறகு மைதானம். ஓட்டத்தின் நாலாவது சுற்றில் சதுர்ஷிகா சரிந்து விழுந்தாள்.

நான் விசிலோடு நின்றேன். பக்கத்து வகுப்பிலிருந்து தனுஜாதான் ஓடி வந்தாள். மடியில் போட்டு, சீனித் தண்ணீர் பருக்கி, முகம் துடைத்து - என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “இவ சாப்பிட்டு வாறதில்ல டீச்சர். பால் இல்லாத வெறும் பிளேன்டிதான். அம்மா கொழுந்து எடுக்கப் போக முந்தி சுட்டு வக்கிற ரொட்டிய தம்பிக்குக் குடுத்திட்டு வந்துருவா.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவதான் சொன்னா.”

வெயில் என்றார்கள். நளீர் சேரும் வெயில்தான் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஜூலை 3, வியாழன்

தனுஜாவுக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. நான் அவ வகுப்பாசிரியை! ஆறு மாசமா தெனம் அவ மூஞ்சியப் பாக்கிறவ! நாலு மாசத்துக்கு முந்தி வந்தவகிட்ட பிளேன்டி, எனக்கு மட்டும் முட்டையா?

சதுர்ஷிகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏன்டி என்கிட்ட பொய் சொன்ன?”

பிள்ளை திருதிருவென்று முழித்தாள். “அதுதானே டீச்சர் சரியான விடை?”

இதற்குமேல் இன்றைக்கு எழுத முடியாது.

ஜூலை 4, வெள்ளி

அதிபர் கொண்டைப் பலகாரத்தோடு ஸ்டாஃப் ரூமுக்கே வந்துவிட்டார். வலயத்திலிருந்து பேசினார்களாம். நான்தான் வளவாளர். என் அட்டவணை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் போகப்போகிறதாம். பத்தொன்பது வருடம் காத்திருந்த செய்தி. பலகாரத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன்.

அவர் பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டேன். அட்டவணை பொய், நான் சொல்லிக் கொடுத்த பொய். குறை சொன்ன தாயும் பொய். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “வலயத்துக்கு நான் சொல்றேன், தனுஜாவ அனுப்புவோம். ஆனா அந்தத் தாய் கதைய அவகிட்ட நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். “நீங்களா டீச்சர்?” என்றாள். அவ்வளவுதான். எழும்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

தனுஜா வளவாளர் பயிற்சிக்குப் போய்விட்டாள். என் கதிரையில் அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். வயிறு எரியத்தான் செய்தது.

வகுப்பில் கேட்டேன். “காலையில என்னா சாப்பிட்டீங்க?” முட்டை, பால், வாழைப்பழம்.

அட்டவணையைக் கழற்றிச் சுருட்டினேன். “சரி, டீச்சர் என்னா சாப்பிட்டேன்னு கேளுங்க” என்றேன். பதிலையும் நானே சொன்னேன். “ஒண்ணுமில்ல. பஸ் ஸ்டாண்டுல ஒரு பட்டிஸ். எண்ணெய் கையெல்லாம் ஒட்டுச்சு.” கடைசி வாங்கில் ஒருத்தன் சிரித்தான். பிறகு எல்லோரும். பிறகு ஒவ்வொன்றாக வந்தது: நேற்றுச் சோறு. ரொட்டியும் கட்டச் சம்பலும். பிஸ்கட். பிளேன்டி. பிளேன்டி. பிளேன்டி.

இடைவேளையில் சதுர்ஷிகா மேசைக்கு வந்தாள். “டீச்சர், ரொட்டி தம்பிக்கு இல்ல. அம்மா ஒண்ணும் சாப்பிடாம கொழுந்து மலைக்குப் போவாங்க. அவங்க பைக்குள்ள வச்சிருவேன். தம்பிக்குன்னு சும்மா சொன்னேன்.”

“தனுஜா டீச்சருக்குத் தெரியுமா?” கேட்டே விட்டேன். இந்த வாயை என்ன செய்வது.

“இல்ல. ஒங்களுக்கு மட்டும்தான் சொன்னேன்.”

ஒரு பிள்ளை பட்டினி கிடப்பதைச் சொல்கிறாள், எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது. கர்த்தரே, என்ன பிறவி நான்?

முப்பத்தொரு பேருக்குக் கடலை ஊறப் போட்டிருக்கிறேன். நாளைக்கு அவித்துக் கொண்டுபோகவேண்டும். ஒருநாள் கடலையால் என்ன ஆகும், தினமும் கொடுக்க ஒரு வழி பார்க்கவேண்டும், அதற்குத் தனுஜாவும் வேண்டும். போய்க் கேட்பேன். மன்னிப்பும் இன்னொரு தடவை கேட்பேன். சதுர்ஷிகா சொன்னதை மட்டும் அவளுக்குச் சொல்லமாட்டேன்.