இடப்பக்கத்து எண்கள்

மார்ச் 3, செவ்வாய்

அஸ்தம்பட்டி டாக்டரம்மாவிடம் போய் வந்தோம். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கை கால் தேறிவிட்டது. இடப்பக்கம் இருப்பதுதான் தெரியவில்லை. கண்ணில் கோளாறு இல்லையாம், மூளைதான் அந்தப் பக்கத்தைக் கவனிக்கவில்லையாம். தட்டின் இடது பாதியில் சோறு அப்படியே இருக்க, "இன்னும் போடு" என்கிறார்.

"மோகன்குமார், பதினொண்ணுக்கும் பத்தொம்போதுக்கும் நட்டநடுவுல என்னங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பதினேழுங்க."

யோசிக்கவே இல்லை. ரிக் லாரி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைப் போர் போடுகிற மனுஷன்! டாக்டரம்மா விளக்கினார். மனசு எண்களையும் இடமிருந்து வலமாக, கோடு போல அடுக்கி வைக்குமாம். சின்ன எண்ணெல்லாம் இடப்பக்கம். அது மறைந்துபோனதால் நடுவும் வலப்பக்கம் நகர்ந்துவிட்டதாம். வண்டியைத் தொடவே கூடாதாம்.

மார்ச் 6

லாரிச் சாவி எங்கே, சாவி எங்கே — இதே பேச்சு. ஒளித்துவிட்டேன்.

மார்ச் 9

பொறுக்க முடியாமல் நானே கேட்டுப் பார்த்தேன். அதே பதினேழு. பிறகு என்னவோ தோன்றியது. "நூத்திப்பத்து அடியில பாறைங்க, நூத்தித்தொண்ணூறுல தண்ணி. நடுவுல எத்தனாவது அடி?"

"நூத்தியம்பது. இதென்ன புள்ள பெரிய கேள்வி?"

மாற்றி மாற்றிக் கேட்டேன். அடிக்கணக்கில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருக்கு அடியெல்லாம் பக்கவாட்டில் போகவில்லை, பூமிக்குள்ளே இறங்குகிறது! சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். "எல்லாம் சரியாப் போச்சுங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 10

சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருவதற்குள் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஓரமாக நடந்து வந்த பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாத்தாள் அக்கா மேல் — அக்காவுக்குக் கை முறிந்துவிட்டது.

"ரோட்டுல ஆளே இல்ல புள்ள. அந்தக்கா எங்கிருந்து வந்துச்சு?" என்று என்னையே கேட்கிறார். எங்கிருந்து வரும்? சனம் நடப்பதே இடப்பக்க ஓரத்தில்தானே! கீழ தெரிஞ்சா பக்கத்துல தெரியுமா? சரியாப் போச்சுன்னு சொன்ன வாயில மண்ணைப் போட. ஐயோ, உசுரு போயிருந்தா?

மார்ச் 12

அக்காவைப் பார்க்கப் போனோம். "உடு சாமி, வேணும்னா இடிச்சே?" என்றார். இவர் அந்தக் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "நெசமாவே அந்தக்கா அங்கதான் நடந்துச்சா?" என்றார்.

"ஆமாங்க."

"லாரிச் சாவிய வேல்முருகன்கிட்டக் குடுத்துரு" என்றார். வேல்முருகன் எங்கள் ரிக்கில் வேலை பார்ப்பவன். நல்ல ஓட்டுநர். ஒளித்த இடத்திலிருந்து சாவியை எடுத்து வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

மல்லசமுத்திரத்தில் ஒரு போர். வேல்முருகன் ஓட்ட, இவர் பக்கத்து இருக்கையில். குழாய் எத்தனை அடி இறங்குகிறது என்று பார்ப்பது மட்டும்தான் இவர் வேலை.

கிளம்பும்போது அவர் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். அவருக்கு அது இடப்பக்கம். வலப்பக்கமே பார்த்துக்கொண்டு, "எங்க இவ?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வேல்முருகனும் சொல்லவில்லை.

ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். நான் தெரிகிற வரைக்கும் திருப்பினார்.

"வாரேன்" என்றார்.