மினாராவுக்கு இடப்பக்கம்

சராயேவோ, 9 ஜூலை 1996

அன்புள்ள டோப்ரிலாவுக்கு,

நாலு வருஷம் எழுதாமல் இருந்துவிட்டு இன்று நலம் விசாரிக்கக் கை கூசுகிறது. போர் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டி இப்போது ஐ.நா.வின் வெள்ளைப் பேருந்து ஓடுகிறதாம், ஓட்டுநர் கடிதம் வாங்கிக்கொள்கிறாராம். உன் விலாசத்தை உன் சித்தி மகளிடம் வாங்கினேன்.

எனக்குப் பெண் குழந்தை. இல்மா. பத்து மாதம். இந்த மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. டாக்டர், "தண்ணிதான்மா காரணம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். கண்ணுக்கு என்ன தெரியும்?

கீழே ஊருக்கெல்லாம் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. நம் மேட்டுத் தெருவுக்கு மட்டும் இல்லை. வால்வு மூடிக் கிடக்கிறது, இடிபாட்டு மண்ணுக்கடியில் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நம் குடிநீர் அலுவலகம் எரிந்ததில் தப்பிய வரைபடங்களில், அந்த வால்வுக்கு நீ கைப்பட எழுதிய அளவுத் தாள் ஒன்று கிடைத்தது: "ரொட்டிக்கடை மூலையிலிருந்து 4.20 மீட்டர், பெரிய மரத்திலிருந்து 6.10." கடையைக் குண்டு கொண்டுபோயிற்று. மரம் போரின் முதல் குளிர்காலத்திலேயே அடுப்புக்குப் போயிற்று. மேஸ்திரி ஹுசோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காகிதத்துல கடை இருக்கு, தெருவுல எங்கம்மா இருக்கு? நீயே ஒண்ணு கட்டிக் குடு, அளந்துக்கறேன்" என்கிறார். ஆறு இடத்தில் தோண்டியாயிற்று. ஆகஸ்டு முடிந்தால் தோண்டும் இயந்திரம் வேறு பகுதிக்குப் போய்விடும்.

அதை அளந்த அன்று அளவு நாடாவின் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான் பிடித்தேன். எனக்கு எதுவும் நினைவில் இல்லை. பாத்திரம் கழுவும்போது சமையலறை ஜன்னலில் பார்க்கிறேன். மசூதி மினாராவுக்கு இடப்பக்கம் அந்தப் பழைய புகைபோக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. உனக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுது.

உன்,
நெர்மினா

பியேலினா, 28 ஜூலை 1996

என் நெர்மினா,

குழாய் ரிப்பேர் என்றால்தான் என் நினைவு வரும் உனக்கு, இல்லையா? போகட்டும். இல்மா என்ற பெயர் அழகாக இருக்கிறது. யார் ஜாடை?

ரொட்டிக்கடை வாசல் மேஜை நினைவிருக்கிறதா? கறி வைத்த புரெக் சாப்பிடும்போதெல்லாம் ஆடுமே, நீகூட ஒருநாள் காப்பியை என் வெள்ளைப் பாவாடையில் கொட்டினாயே! ஏன் ஆடியது? அதன் ஒரு கால் வால்வு மூடியின் விளிம்பில் ஏறி நின்றது. அந்தக் கால் என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஓரக்கல்லை ஒட்டித்தான் என் நாற்காலி. அங்கே உட்கார்ந்து பார்த்தால் மினாரா புகைபோக்கியை முழுசாக மறைக்கும். ஒரு சாண் நகர்ந்தாலும் புகைபோக்கி எட்டிப் பார்க்கும். வேலை இல்லாத நேரமெல்லாம் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ தெருவில் போகிற பையன்களைப் பார்த்தாய்.

வால்வை மெதுவாகத் திறக்கச் சொல். ஒன்று முக்கியம்: நாங்கள் கிளம்பிய அன்று தண்ணீர் நின்றிருந்தது. வருகிறதா என்று பார்க்க என் குளியலறைக் குழாயைத் திறந்தேன், அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது அந்த வீட்டில் யார் இருந்தாலும், அதை மூடச் சொல். இல்லாவிட்டால் கீழ்வீடு முழுகிவிடும். யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் எழுது.

டோப்ரிலா

சராயேவோ, 20 ஆகஸ்டு 1996

டோப்ரிலா,

தண்ணீர் வந்துவிட்டது.

நீ எழுதியபடி ஓரக்கல்லில் போய் உட்கார்ந்தேன். ஹுசோ, "என்னம்மா, காப்பி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இல்மாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தேன். புகைபோக்கி மெலிந்து மெலிந்து மறைந்தது. "இங்கே, என் இடது முழங்காலுக்கு நேரே" என்றேன். இடிபாட்டு மண்ணை ஒரு முழம் தோண்டியதும் இரும்பில் கடப்பாரை பட்டது. ஹுசோ தொப்பியைக் கழற்றிவிட்டு, "யாரும்மா அந்தப் பொண்ணு? நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு" என்றார். முதலில் துருநிறமாக வந்தது. மாலைக்குள் தெளிந்துவிட்டது.

உன் குளியலறைக் குழாய் மூடித்தான் இருந்தது. அதை மூடியவள் நான். எங்கள் வீடு சிதறிய பிறகு, 93 குளிர்காலத்தில் குடியிருக்க இடம் ஒதுக்கி நகராட்சி ஒரு சீட்டு கொடுத்தது. சீட்டில் உன் கதவு எண் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முதல் கடிதத்திலேயே இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தெரிந்தால் வால்வு இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டாயோ என்று பயந்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்ததுதான் எனக்கு இப்போது ரொம்ப வலிக்கிறது.

உன் வரைபலகையையும் கூடத்துத் தரைப்பலகைகளையும் குளிருக்கு எரித்தோம். உன் அம்மாவின் காப்பிக் கிண்ணங்கள் ஆறும் பத்திரமாக இருக்கின்றன. நீ போ என்றால் போகிறேன். குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. பழைய வீட்டுக்குக் கூரை இல்லை.

நெர்மினா

பியேலினா, 15 செப்டம்பர் 1996

நெர்மினா,

உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் பழைய வீட்டிலிருந்து பார்த்தால் புகைபோக்கி மினாராவுக்கு வலப்பக்கம் அல்லவா தெரியும்? இடப்பக்கம் தெரிவது என் சமையலறை ஜன்னலிலிருந்துதான். படம் வரைகிறவளிடமா மறைப்பாய்? நீயாகச் சொல்வாயா என்று பார்க்கத்தான் குழாயைப் பற்றி எழுதி, யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சொன்னாய். ஆனாலும் வாசித்துவிட்டு, இரண்டு நாள் உன் கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்தேன்.

வரைபலகை போனால் போகட்டும், எப்போதும் கோணலாகத்தான் நின்றது. தரைப்பலகை அப்பா கையால் பதித்தது. அதற்கு மட்டும் அழுதேன்.

வீட்டைத் திருப்பித் தரச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். மனுவைத் திரும்பப் பெறமாட்டேன், அது என் வீடு. ஆனால் காகிதம் நகர ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும். இந்தக் குளிர்காலத்தில் குழந்தையோடு நீ எங்கும் போகவேண்டாம். அதற்குள் உன் பழைய வீட்டுக் கூரைக்கு உதவி கேட்டு எழுதிப்போடு. தாமதிக்காதே.

அக்டோபர் முதல் சனிக்கிழமை வெள்ளைப் பேருந்தில் வருகிறேன். மாலையிலேயே திரும்பிவிடுவேன். எனக்காக வீட்டைச் சுத்தம் செய்து வைக்காதே. குழாய்த் தண்ணீரில் காப்பி போடு, அம்மாவின் கிண்ணத்தில் ஊற்று.

ஒன்றே ஒன்று. நான் கதவைத் தட்டும்போது, தெரிந்தாலும், "யாரது?" என்று உள்ளேயிருந்து கேள். என் வாசலில் நின்று என் பெயரை ஒருமுறை சொல்லவேண்டும்.

டோப்ரிலா