ஷான் இன்னும் வேலையில்

பெப்ரவரி 3, 2025, திங்கள்

இன்றைக்கும் ஈ.ஐ., வேலை போனவருக்கு அரசாங்கம் தரும் காசு, வரவில்லை. பேக்கரியில் பாண் அடுக்க மெஷின் வந்துவிட்டதென்று கொம்பனி என்னை நிற்பாட்டி ஒரு மாதம். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடம். அறுபத்துமூன்று வயதுக்காரனை வேறு எவன் எடுப்பான்? இப்போதைக்கு ஈ.ஐ.தான் கதி.

பெப்ரவரி 5, புதன்

ஈ.ஐ. ஒஃபிஸிலிருந்து போனில் ஒரு பெண் பணிவாகச் சொன்னாள்: ஷான் இன்னும் வேலை செய்கிறார், வேலை செய்கிறவருக்கு ஈ.ஐ. இல்லை. ஒவ்வொரு காலையும் கொம்பனிக் கதவில், வேலைக்கு வந்ததைப் பதியும் என் கார்டு விழுகிறதாம். கார்டைக் கடைசி நாளே மனேச்சரின் கையில் கொடுத்துவிட்டு வந்தேனே!

ஷான் என்பது அப்பா. சண்முகநாதன். எயார்போட்டில் வந்திறங்கிய அன்று, எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் எழுதிவிட்டேன்; அதுவே என் பெயராகி, ஷான் என்று சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் மட்டும்தான் மகேஸ்வரன்; வெளியில் நான் அப்பா. ஊரில் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. இங்கே முப்பது வருடம் அந்தப் பெயருக்கு ஓடி ஓடிப் போனேன். பாவம், கனடாவைக் காணாமலே செத்த மனுஷன்.

பெப்ரவரி 7, வெள்ளி

கூட வேலை செய்த செலீனுக்குப் போன் எடுத்தேன். சிரித்தாள்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. காலமை உங்கடை இடத்திலைதானே நிண்டனியள்? ஷான் அண்ணை எண்டு கூப்பிட, திரும்பிச் சிரிச்சனியள். நல்லா மெலிஞ்சு, இளமையாயிட்டியள்."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் போய் என்னைப் பார்த்தேன்.

பெப்ரவரி 8, சனி

நித்திரையில் எழும்பி நான்தான் போகிறேனோ? கட்டினவளிடம் கேட்டேன்.

"விசரே உங்களுக்கு?" என்றாள் குணவதி. "விடிஞ்ச பிறகும் குறட்டை. நீங்களாவது வேலைக்குப் போறதாவது."

அப்போது அது யார்?

பெப்ரவரி 10, திங்கள்

கொம்பனிக்குப் போய்ப் பார்த்தேன். மோர்னிங்சைட்டில் பஸ் ஏறினேன்.

சாப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் இடத்தில் நிற்கிறார். ஏப்ரனைச் சாரம் மாதிரி இடுப்பில் செருகியிருக்கிறார். ஒவ்வொரு பாணையும் தடவிப் பார்த்து அடுக்குகிறார். சாகும்போது அப்பாவுக்கு ஐம்பது. என்னைவிட இளையவர். மெஷினும் பக்கத்தில் ஓடுகிறது; ஒருவரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தார். பனிக்குள் கோட்டும் இல்லை. என் நரைத்த தலையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டார்.

"காணும் அப்பா, செய்தது போதும். நாளைக்கு வரவேண்டாம். நீங்கள் நிண்டால் எனக்குக் காசு தரமாட்டாங்கள்."

ஏப்ரனில் கையைத் துடைத்தார். பிறகு, மெதுவாக:

"என்ரை வேலையிலை ஏதும் பிழையோ, தம்பி?"

மனேச்சரிடம் நானும் இதைத்தான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினேன். ஏப்ரனைக் கழற்றி, மடித்து, என் கையில் தந்துவிட்டு ரோட்டைக் கடந்தார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததை நான் காணவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

ஈ.ஐ. சரியாம். கார்டு விழுவது நின்றுவிட்டதாம்.

ஈ.ஐ. கிடைக்க வைத்த நேர்த்திக்கடனைத் தீர்க்கக் கோயிலுக்குப் போக வேண்டுமென்று குணவதி சீலை எடுத்து வைத்திருக்கிறாள். நான் வரவில்லை என்றேன். அங்கே போய் என்னவென்று கும்பிடுகிறது?

கொம்பனி நிற்பாட்டினது என்னை. அப்பாவை நிற்பாட்டினது நான்.